ஊசிக்காதில் கிடந்த மரம்

ரொவீனா கேகிள் கோபம் வந்தால் கத்துகிற ரகம் இல்லை, கடிதம் எழுதுகிற ரகம். மாவட்டப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடமாகப் பீன்ஸ் வேகவைத்து, சோள ரொட்டி சுட்டுப் போடுகிறவள். மதியச் சாப்பாடு முடிந்து பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, அந்த வாரச் சாப்பாட்டுப் பட்டியலைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் எழுதுவாள். சாலையில் குழி விழுந்தாலும் எழுதுவாள், பள்ளிக்கு வருகிற பால் புளித்திருந்தாலும் எழுதுவாள். ஆனால் அவள் எழுதியதில் முக்கால்வாசி அணைக் கம்பெனிக்குத்தான் போயிருக்கும்.

எழுதாமல் வேறு என்ன செய்வாள்? ஹார்ன்பீம் ஆறு என்று நாங்கள் வாய் நிறையச் சொல்வது வருடத்தில் பெரும்பகுதி ஆறே இல்லை. ரொவீனாவின் அப்பா பிறப்பதற்கு முன்பே கம்பெனி மேலே அணையைக் கட்டி, தண்ணீரை மலைக்குள் குழாய் போட்டுக் கொண்டுபோய்க் கீழே மின் நிலையத்தில் இறக்கிவிட்டது. நடுவில் ஏழு மைலுக்கு வெறும் பாறை. பிறகு கம்பெனியின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது எங்கள் ஆட்கள் ஒற்றைக் காலில் நின்று ஒன்றை வாங்கினார்கள். மே முதல் அக்டோபர் வரை ஒன்பது சனிக்கிழமை பழைய தடத்தில் தண்ணீர் விட வேண்டும். கம்பெனி அதற்கு ‘சமூகத்துக்கு எங்கள் பரிசு’ என்று அணை வாசலில் பெரிய பலகை வைத்தது. மாட்டைத் திருடியவன் வருடத்துக்கு ஒன்பது நாள் சொந்தக்காரனைப் பால் கறந்துகொள்ள விட்டுவிட்டு, கும்பிடும் எதிர்பார்த்த கதைதான்.

அந்த ஒன்பது நாளுக்காகத்தான் ரொவீனா மீதி நாட்களை ஓட்டினாள். வயது ஐம்பத்தெட்டு. மற்றவர்கள் எல்லாம் மூடிய கயாக் படகில் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு பக்கத் துடுப்பால் ஓட்ட, இவள் மட்டும் மேலே திறந்த பழைய படகில் முட்டி போட்டு, ஒற்றை அலகுத் துடுப்பால் ஓட்டுவாள். “ஜெபம் பண்ணப் போற மாதிரி முட்டி போட்டுப் போறியே” என்று கேலி செய்வான் ஹோயிட்.

ஹோயிட் லெட்ஃபோர்ட் அவளுடைய முன்னாள் கணவன். மர அறுவை மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரிந்து பதினோரு வருடம் ஆகிறது. எதற்குப் பிரிந்தீர்கள் என்று கேட்டால் இருவரும் வேறு வேறு காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் ஆற்றில் இறங்குகிறவளுக்கு ஏழு மைல் கீழே வண்டியோடு ஒரு ஆள் காத்திருக்க வேண்டும். அந்த வேலையை மட்டும் அவன் விடவில்லை. அவனுக்கு நீச்சல் தெரியாது. ஆற்றில் கால் வைத்ததே வெள்ளி நடைக்கு மட்டும்தான்.

வெள்ளி நடை என்பது எங்கள் வழக்கம். தண்ணீர் விடுவதற்கு முதல் நாள் காய்ந்த தடத்தில் இறங்கி, புதிதாக மரம் எதுவும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பது. கொஞ்ச வருடமாகப் பூச்சி அரித்து ஹெம்லாக் மரங்கள் நின்றபடியே சாகின்றன. காற்றடித்தால் சாய்ந்து தடத்தில் குறுக்கே விழுகின்றன. காய்ந்த ஆற்றில் அது சும்மா மரம். தண்ணீர் வந்துவிட்டால் சல்லடை. தண்ணீர் கிளைகளுக்கு நடுவே போய்விடும். படகும் ஆளும் சிக்கிக்கொள்வார்கள், பின்னால் வருகிற தண்ணீர் அப்படியே அமுக்கும். அதனால் மரத்தைக் கண்டால் அறுத்து ஒதுக்கிவிட்டு நடப்பதுதான் பழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை, ஆற்றில் இறங்கினால் தானாக ஒட்டிக்கொள்ளும். முதலில் இறங்கியவன் பாறை மேல் ஏறி நின்று பின்னால் வருகிறவர்களுக்குக் கை நீட்டிக் காட்டுவான். அந்தக் கை போக வேண்டிய வழியைத்தான் காட்டும். ஒருநாளும் ஆபத்தைக் காட்டாது. தண்ணீர் இரைச்சலில் பேச்சு கேட்காது, நுரையில் எதுவும் பிடிபடாது. நீட்டின கை ஒன்றுதான் தெரியும். அது நீண்ட பக்கம் படகைத் திருப்ப வேண்டியதுதான். அங்கே யோசிக்கிறவன் ஏற்கெனவே கவிழ்ந்திருப்பான்.

அந்த வருடம் மார்ச் புயலில் ஒரு பெரிய ஹெம்லாக் ஊசிக்காதில் விழுந்தது. நான்காவது மைலில் ஆறு ஒரு பெரிய பாறையில் மோதி இரண்டாகப் பிரியும். பாறைக்கு மேசை என்று பேர். மேசைக்குச் சாலைப் பக்கம் அகலமான இறக்கம். மலைப் பக்கம் இருக்கிற குறுகிய சந்துதான் ஊசிக்காது. அந்தச் சந்தின் குறுக்கே, தண்ணீர் வந்தால் சரியாக ஒரு சாண் ஆழத்தில் மூழ்கும்படி மரம் செருகிக்கொண்டு நின்றது. மேலிருந்து வருகிறவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

வேறு வருடமாக இருந்தால் ஹோயிட்டின் மோட்டார் ரம்பம் அரை மணி நேரத்தில் வேலையை முடித்திருக்கும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் இவர்கள் ஒரு பிர்ச் மரத்தை அறுத்தபோது, கம்பெனி கரையில் கட்டிவைத்திருந்த கேமரா படம் பிடித்துவிட்டது. கம்பெனி நிலத்தில் கிடக்கிற மரம் கம்பெனியின் சொத்தாம். இன்னொரு முறை வெட்டினால் ஐந்து வருடத்துக்குக் கம்பெனியின் நிலத்திலும் நீரிலும் கால் வைக்கக் கூடாது என்று பதிவுத் தபாலில் தாள் வந்தது.

“அஞ்சு வருஷம் ஒரு கண் மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்” என்றான் ஹோயிட்.

“உனக்கு ஓடும். எனக்கு அது வருஷத்துக்கு ஒம்பதுன்னு நாப்பத்தஞ்சு நாள். மொத்தமா நாப்பத்தஞ்சு நாள் ஆறு போயிரும். அது முடியறப்ப என் முட்டி என்னை எறங்க விடுமா?”

அதனால் இந்த முறை அவள் ஒழுங்காக நடந்துகொண்டாள். மார்ச்சில் ஒரு கடிதம், ஏப்ரலில் இரண்டு. மரம் எங்கே, எப்படி, எவ்வளவு ஆழத்தில் மூழ்கும், யார் அதில் சிக்குவார்கள் என்று படம் போட்டு எழுதினாள். மூன்றும் கிணற்றில் போட்ட கல். கடைசியில் தொலைபேசியில் பிடித்தாள். கம்பெனியில் ஆற்று விவகாரங்களைப் பார்ப்பவர் பிராண்ட்லி ஸ்லோன் என்பவர். வாயில் வெண்ணெய் வைத்துக்கொண்டு பேசுகிற மனிதர்.

“மிஸ் கேகிள், அந்த மரம் இப்ப மீன்களுக்கு வாழ்விடமா ஆயிருக்கு. எங்க குழு அதைப் பரிசீலிச்சுக்கிட்டு இருக்காங்க.”

“எந்த மீனுக்கு சார்?”

“பொதுவா... ஆத்துல இருக்கற மீனுக்கு.”

“ஆத்துல தண்ணியே இல்லையே சார். வருஷத்துல முந்நூத்தி அம்பத்தாறு நாள் அந்த மரத்துக்கு அடியில பல்லி ஓடுது. பல்லிக்கு நீச்சல் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?”

“உங்க கவலையைக் குறிச்சுக்கிட்டேன், மேடம்.”

குறித்துக்கொண்டாராம். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் ஒருநாள் பீன்ஸ் வேகவில்லை என்றால், ‘குறித்துக்கொண்டேன்’ என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா? 

மே மாதம் முதல் தண்ணீருக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவளும் ஹோயிட்டும் நடந்தார்கள். மரம் அசையாமல் அங்கேயே கிடந்தது. மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் முறிந்த கிளை ஒன்று மணிக்கட்டுப் பருமனில், ஆற்றின் மேல்பக்கம் பார்த்துக் கொக்கி போல நீட்டிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு இவர்களையே பார்த்தது.

“ரம்பம் வண்டியிலதான் இருக்கு. நான் வெட்டறேன், நீ தள்ளிப் போய் நில்லு. ஆத்துல எறங்காதன்னு எனக்குத் தடை போட்டா எனக்கென்ன நஷ்டம்?” என்றான் ஹோயிட்.

“போன தடவை தாள்ல ரெண்டு பேர் பேரும் சேத்துத்தான் போட்டிருந்தான். வெவாகரத்து ஆனது கோர்ட்டுக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது.”

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்லோன் வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை, மண் படாத பூட்ஸ். கேமராவில் பார்த்துவிட்டுத்தான் ஓடிவந்திருப்பார்.

“மேடம், உங்க கடிதத்துக்குப் பலன் கிடைச்சிருச்சு. நாளைக்கு முழுக்க இந்தப் பாறை மேல ஒரு பாதுகாப்பு அலுவலரை நிறுத்தறோம். ஆரஞ்சுச் சட்டை போட்டிருப்பார். வர்ற ஒவ்வொருத்தருக்கும் எச்சரிக்கை குடுப்பார்.”

“மரத்தை எடுக்கறதை விட ஆளை நிறுத்தறது சுலபமா?”

“மரத்துக்கு அனுமதி வேணும். ஆளுக்கு வேண்டியதில்லை.”

“அந்த ஆளுக்கு ஆறு தெரியுமா?”

“ரெண்டு நாள் பயிற்சி முடிச்சிருக்கார். சான்றிதழ் இருக்கு.”

கண்துடைப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று பட்டது. ஒரு ஆள் பாறை மேல் நிற்பான், கை காட்டுவான், சந்தேகப்படுகிறவன் அந்தக் கையைப் பார்த்துப் போவான். எங்கள் ஆற்றில் நூறு தடவை நடந்த காரியம்தானே. அந்த நாற்பத்தைந்து நாளும் கையை விட்டுப் போகாது. அவள் ரம்பத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பதைப் பிறகு அவளே சொல்லிச் சொல்லி நொந்துகொண்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அணையில் சங்கு ஊதியது. மதகு திறந்து, ஏழு மாதம் காய்ந்து கிடந்த பாறைகள் மேல் தண்ணீர் உருண்டு வந்தது. கரையில் நூறு படகுகளுக்கு மேல் காத்திருந்தன. ரொவீனா முட்டிக்குப் பஞ்சுத் துண்டு கட்டிக்கொண்டிருந்தபோது புத்தம் புது நீலக் கயாக்கோடு ஒருவன் வந்து நின்றான். முப்பது முப்பத்திரண்டு வயது. கீழே சமவெளி நகரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன், பேர் டோபின் ஆஸ்க்யூ.

“மேடம், நாலு வருஷமா ஓட்டறேன், ஆனா இந்த ஆத்துக்குப் புதுசு. உங்க கூட வரலாமா?”

“முட்டி போட்டு ஓட்டற கெழவி கூடவா?”

“உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க. திட்டுவாங்க, ஆனா பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்துருவாங்கன்னு சொன்னாங்க.”

அவள் சிரித்துவிட்டாள். ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். “மேடம் கீடம் வேண்டாம், ரொவீனான்னு கூப்பிடு. நாலாவது மைல்ல ஊசிக்காதுன்னு ஒண்ணு வரும், உள்ள மரம் கெடக்கு. மேலேருந்து பாத்தா எல்லா எறக்கமும் ஒண்ணு போலத்தான் இருக்கும், உனக்கு அடையாளம் பிடிபடாது. பாறை மேல ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆள் நிப்பான். அவன் கை காட்டற பக்கம் போயிரு. யோசிக்காத.”

“சரி, ரொவீனா.”

மூன்று மைல் அருமையாகப் போனது. பையன் என்று சொல்ல முடியாத அந்த வளர்ந்த மனிதன் ஒவ்வொரு அலையிலும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தான். ஊசிக்காதுக்கு மேலே ஒரு அமைதியான மடு இருக்கிறது. திறந்த படகில் இதுதான் தொல்லை, பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் தண்ணீர் உள்ளே நிறையும். கரையேறிக் கவிழ்த்துக் கொட்டினால்தான் மேலே போகலாம். ரொவீனா கரைக்குத் திரும்பினாள்.

“நான் காத்திருக்கட்டுமா?” என்று கேட்டான் டோபின்.

“பின்னால படகு வந்துக்கிட்டே இருக்கு, வழியை மறிக்காத. அதோ ஆள் நிக்கறான் பாரு. போ.”

போ என்று சொன்னது அவள் வாய்தான்.

மேசைப் பாறை மேல் நின்றவன் பேர் டில்லன். நாற்பது வயதிருக்கும். பக்கத்து மாவட்டத்தில் ஷாப்பிங் மால் காவலாளியாக இருந்தவன். காலையிலிருந்து அவனைத் தாண்டிப் போன நாற்பது படகுகளுக்கும் அவன் கை நீட்டி மரத்தைக் காட்டினான். அந்த நாற்பது பேரும் உள்ளூர் ஆட்கள். மரம் எங்கே என்று ஊருக்கே தெரியும், அவர்கள் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சாலைப் பக்கம் இறங்கிப் போனார்கள். தன் எச்சரிக்கைதான் வேலை செய்கிறது என்று டில்லன் நினைத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆபத்தைக் கை நீட்டிக் காட்டு என்றுதான் அந்த இரண்டு நாளில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

டோபின் கையைப் பார்த்தான். படகை மலைப் பக்கம் திருப்பினான்.

ரொவீனா கரையில் படகைக் கவிழ்த்துப் பிடித்தபடி அதைப் பார்த்தாள். நீலப் படகு தப்பான பக்கம் போகப் போக, டில்லன் பதறிப்போய் இன்னும் வேகமாக மரத்தையே குத்திக் குத்திக் காட்டினான். அவன் காட்டக் காட்ட டோபின் இன்னும் அழுத்தித் துடுப்புப் போட்டான். சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதன். அவள் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை.

படகைத் தண்ணீரில் தள்ளிப் போய், மேசையின் முதுகுப்பக்கம் அதை ஒதுக்கிவிட்டு அவள் பாறையில் தொற்றி ஏறியபோது, டோபினின் படகு மூக்கை மரத்துக்கு அடியில் நுழைத்துக்கொண்டு நின்றது. அவன் இடுப்புவரை படகுக்குள். அந்தக் கொக்கிக் கிளை அவனுடைய மிதவைச் சட்டையின் தோள்பட்டையில் மாட்டியிருந்தது. பின்னாலிருந்து தண்ணீர் முதுகில் ஏறி அவனை முன்னால் மடக்கிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி ஒரு வாய்க் காற்று, பிறகு தண்ணீர், பிறகு இன்னொரு வாய்.

அவள் பாறையில் குப்புறப் படுத்தாள். மிதவைச் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கிற சின்ன மடக்கு ரம்பத்தை எடுத்து விரித்தாள்.

“என் காலைப் பிடிச்சுக்க. நீ விட்டா நானும் போயிருவேன்” என்றாள் டில்லனிடம்.

டில்லன் பிடித்தான்.  பிடித்துக்கொண்டே, பயத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல், “மேடம், மரத்தை யாரும் வெட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றான்.

“காலைப் பிடி.”

செத்துக் காய்ந்த ஹெம்லாக் இரும்பு மாதிரி. அவள் ஒரு கையால் டோபினின் ஹெல்மெட்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுத்தாள். அவன் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இன்னும் அவளை நம்புகிற பார்வைதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கிளை முறிந்ததும் தண்ணீர் அவனைப் படகிலிருந்து பிடுங்கி மரத்துக்கு மேலாகப் புரட்டிக் கீழே தள்ளியது. கீழே மடுவில் நின்ற ஆட்கள் கயிறு வீசி இழுத்தார்கள். தோள் இறங்கியிருந்தது, இரண்டு விலா முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை டில்லன் பள்ளிக்கூடச் சமையலறைப் பின்வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். வேலையை விட்டுவிட்டானாம்.

“நான் ஆபத்தைத்தானே மேடம் காட்டினேன். அந்தாளு ஏன் அதுக்குள்ளயே போனாரு? எனக்கு இன்னும் புரியல.”

ரொவீனா சொன்னாள். கை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று. அவன் கேட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

“இதை யாராச்சும் எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்” என்றாள். “எனக்குத் தோணல. தெரியாத ஒருத்தன் அந்தப் பாறை மேல நிப்பான்னு நான் நெனச்சே பாக்கல.” அவனுக்கு ஒரு தட்டில் சோள ரொட்டியும் பீன்ஸும் வைத்துக் கொடுத்தாள்.

அவன் போன பிறகு சாப்பாட்டுப் பட்டியலைத் திருப்பிப் போட்டு நாலாவது கடிதத்தை எழுதினாள். அவள் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அதுதான். ‘ஆள் கை காட்டுகிற பக்கம் போ என்று டோபின் ஆஸ்க்யூவிடம் சொன்னது நான். உங்கள் ஆளிடம் எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லாமல் விட்டதும் நான். இது என் தவறு. என் தவற்றை நான் சொல்லிவிட்டேன். இப்போது உங்கள் தவற்றை நீங்கள் சொல்லுங்கள். மரத்தை எடுங்கள்.’

மூன்று வாரம் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. படகோட்டி பாதுகாப்பு அலுவலரின் எச்சரிக்கையை மீறி ஆபத்தான பகுதிக்குள் சென்றதே விபத்துக்குக் காரணம் என்று கம்பெனி விசாரித்துக் கண்டுபிடித்திருந்தது. மிஸ் கேகிள் தம் பங்குத் தவற்றைத் தம் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டிருப்பதைக் கம்பெனி கவனத்தில் கொண்டது. அத்துடன் அனுமதியின்றி மீண்டும் மரம் வெட்டியதால் ஐந்து வருடத்துக்கு அவர் கம்பெனியின் நிலத்திலும் நீரிலும் நுழையத் தடை. சாட்சிக்குக் கேமராப் படம் ஒன்றும் இணைத்திருந்தார்கள். படத்தில் ரொவீனா தெரிந்தாள், ரம்பம் தெரிந்தது, கிளை தெரிந்தது. டோபினின் தலை இருந்த இடத்துக்கு ஒரு விரல் முன்னால் படத்தைக் கத்தரித்திருந்தார்கள்.

மனிதர்களால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும். இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து, ஒரு கையில் காப்பிக் கோப்பையோடு, சாவகாசமாகச் செய்ய முடியும்.

ஹோயிட் அந்தத் தாளை இரண்டு முறை படித்தான். பிறகு நேராகப் போய் ஸ்லோனை நாலு அறை விட்டு வருகிறேன் என்று வண்டிச் சாவியோடு கிளம்பினான். ரொவீனா சாவியைப் பிடுங்கி மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டாள்.

மரத்தையாவது எடுத்தார்களா என்றால், அதுவும் இல்லை. விசாரணைக்கு உட்பட்ட பொருளாம், தொடக் கூடாதாம். அதற்குப் பதிலாக ஜூன் தண்ணீருக்கு முன்னால் மேசைப் பாறையில் இரும்புக் கம்பம் நட்டு ஒரு பலகை வைத்தார்கள். ‘ஆபத்து, மரம்’ என்று எழுதி, கீழே ஆள் நீளத்துக்கு ஒரு சிவப்பு அம்பு. அம்பு ஊசிக்காதைக் காட்டியது.

ரொவீனா ஸ்லோனுக்குப் போன் செய்தாள். இந்த முறை குரல் தணிந்துதான் இருந்தது.

“சார், என் தடையைப் பத்திப் பேச வரல. அந்த அம்பை மட்டும் திருப்பி வையுங்க. சாலைப் பக்கம் பாத்த மாதிரி. நுரைக்குள்ளேருந்து வர்றவனுக்கு எழுத்துத் தெரியாது, அம்புதான் தெரியும். அது காட்டற பக்கம்தான் போவான்.”

“மேடம், அது எச்சரிக்கைப் பலகை. எச்சரிக்கைப் பலகைன்னா விதிப்படி ஆபத்தைத்தான் காட்டணும்.”

“ஒரு மனுஷன் அதுல மாட்டினான் சார்.”

“உங்க கவலையைக் குறிச்சுக்கிட்டேன்.”

ஊசிக்காதுக்குச் சற்றுக் கீழே ஆற்றின் மேல் ஒரு பாலம் போகிறது. ஒற்றை வண்டி போகிற பழைய இரும்புப் பாலம். அணை கட்டுவதற்கும் முன்னால் மாவட்டம் கட்டியது. மேலிருந்து வருகிற படகுக்காரர்களுக்கு மேசைப் பாறை தெரிகிற அதே நேரத்தில், அதற்குப் பின்னால் உயரத்தில் பாலமும் தெரியும். ஜூன் மாதச் சனிக்கிழமை சங்கு ஊதுவதற்கு முன்பே ரொவீனா அந்தப் பாலத்தின் நடுவில் போய் நின்றாள். ஹெல்மெட் போட்டிருந்தாள். ஆரஞ்சு நிற மழைச்சட்டை போட்டிருந்தாள். துடுப்பைக் கையில் பிடித்துக் கையைச் சாலைப் பக்கமாக முழு நீளத்துக்கு நீட்டினாள்.

முதல் படகு வந்தது. வெளியூர்க்காரன். கண்ணுக்கு முன்னால் அம்பு ஒரு பக்கம், மேலே ஒரு பெண்பிள்ளையின் கை மறு பக்கம். ஒரு நொடி அவன் துடுப்பு அந்தரத்தில் நின்றது. பிறகு சாலைப் பக்கம் திரும்பினான். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பத்து மணிக்குக் கம்பெனி ஜீப் வந்து நின்றது. காவலாளி ஒருவன் இறங்கினான்.

“மேடம், உங்களுக்குத் தடை இருக்கு.”

“கம்பெனி நெலத்துலயும் நீர்லயும் கால் வைக்கக் கூடாதுன்னு இருக்கு. தாள் சட்டைப் பையில இருக்கு, பாக்கறியா? என் கால் மாவட்டப் பாலத்துல இருக்கு.”

“நீங்க பலகைக்கு எதிரா வழி காட்டறீங்க.”

“நான் கையை நீட்டிக்கிட்டு நிக்கறேன். பாலம் மாவட்டத்தோடது, கை என்னோடது. இதுல கம்பெனிக்கு எது சொந்தம்னு ஸ்லோன் சாரைக் கேட்டு எழுதி வாங்கிட்டு வா.”

காவலாளி கீழே பார்த்தான். அந்த நேரம் பார்த்து மூன்று படகுகள் வந்து, அண்ணாந்து பார்த்து, சாலைப் பக்கம் இறங்கிப் போயின. அவன் பலகையைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான், ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

மதியம் ஹோயிட் ரொட்டியும் ஆப்பிள் ஊறுகாயும் கொண்டுவந்தான். அவளுக்கு இடக்கை மரத்துப்போய் வலக்கைக்கு மாற்றி, அதுவும் மரத்துப்போயிருந்தது. துடுப்பு நுனி தாழ்ந்துகொண்டே வந்தது.

“குடு, நான் கொஞ்ச நேரம் நீட்டறேன்.”

“உனக்கு எந்தப் பக்கம்னு தெரியுமா?”

“இருபத்தெட்டு வருஷமா உன் வண்டியை ஓட்டறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?” என்று துடுப்பைப் பிடுங்கிக்கொண்டான். அவள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். கண் மட்டும் அவன் கை மேலேயே இருந்தது. இரண்டு முறை “தூக்கிப் பிடி, தூக்கிப் பிடி” என்றாள்.

நான்கு மணிக்கு மதகை அடைத்தார்கள். கடைசிப் படகு சாலைப் பக்கம் இறங்கிப் போன பிறகும் அவள் கொஞ்ச நேரம் கையை இறக்கவில்லை. தண்ணீர் வடிந்தது. பாறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஊசிக்காதில் அந்த மரமும் வெளியே வந்தது. அவள் அறுத்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. வண்டிக்கு மேலே அவளுடைய படகு காலையில் கட்டின கட்டு அவிழ்க்காமல் இருந்தது. ஏன் அதை ஏற்றிக்கொண்டு வந்தாள் என்று ஹோயிட் கேட்கவில்லை.

“ரொவீனா, அஞ்சு வருஷமும் இப்படியே வந்து நிக்கப் போறியா?” என்று மட்டும் கேட்டான்.

அவள் தோளைப் பிடித்துக் கசக்கிக்கொண்டே காய்ந்துகொண்டிருந்த ஆற்றைப் பார்த்தாள்.

“நாப்பத்தஞ்சு நாள்தானே. இன்னிக்கு ஒண்ணு ஆச்சு.”